நான்கு மணி நேர விமானம், பதினாறு மணி நேரத் தூரம்: கோலாலம்பூர் – திருச்சி பயணத்தின் உண்மைக் கணக்கு

இரவு 11 மணிக்கு ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா தவறிவிட்டார். "எப்ப எடுக்கலாம்? நீங்க வர்றதுக்காக வச்சிருக்கட்டுமா?" என்று அங்கிருந்து கேட்கிறார்கள். சுங்கைப்பட்டாணியில் இருக்கும் தம்பி மகன், "திருச்சிக்கு நாலு மணி நேரம்தானே, நாளைக்கு மத்தியானம் வந்துடுவோம், வச்சிருங்க" என்கிறார். மறுநாள் மத்தியானம் அவர் இன்னும் விமானமே ஏறியிருக்க மாட்டார். அங்கே ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மலேசியாவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி ஓர் இரவு வந்து போயிருக்கும். தம்பி மகன் பொய் சொல்லவில்லை. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிறது. ஆனால் அது ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கான கணக்கு. மனிதர்கள் விமான நிலையத்தில் வாழ்வதில்லை. தோட்டத்து வீட்டிலிருந்தோ பட்டணத்து அடுக்குமாடியிலிருந்தோ கிளம்பி, இன்னொரு நாட்டின் கிராமத்து வாசலில் இறங்கும் வரைதான் அவர்களுடைய தூரம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நான்கு மணி நேரம் என்பது மொத்தத்தில் கால் பங்குதான் என்று தெரியவரும்.

நான்கு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது

சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இடையே நேர்வழித் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். பூமியின் வளைவை ஒட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய தூரம் இது. இந்தத் தடத்தில் ஓடும் நடுத்தர அளவு விமானங்கள் உயரத்தை எட்டிய பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன. வகுத்துப் பார்த்தால் மூன்றேகால் மணி நேரம் வருகிறது. மீதி நேரம், விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், மெதுவாக ஏறுவதிலும், இறங்குவதற்கு முறை காத்துச் சுற்றுவதிலும் போய்விடுகிறது.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. இங்கே விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, அங்கே நிறுத்துமிடத்தில் முழுமையாக நிற்பது வரை அதில் அடங்கும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கணக்கு பிசகாமல் இருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே எழுதுகின்றன. "தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு வந்துவிட்டது" என்று பயணிகள் வியப்பதற்குக் காரணம் இதுதான். காற்றும் கணக்கை மாற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல் வானத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் பலமான காற்று வீசுகிறது. அந்த மாதங்களில் போகும்போது காற்று தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும்.

வரைபடத்தில் சிப்பாங்கிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால், அது மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ராவின் வடமுனையான ஆச்சே வழியாக வங்கக் கடலில் இறங்கி, கோடியக்கரைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அருகே தமிழ்நாட்டுக் கரையைத் தொடுகிறது. தாத்தா பாட்டிமார் கப்பல் ஏறிய அதே கரை. விமானங்கள் வகுக்கப்பட்ட வான்வழிகளில் போவதால் சற்று விலகிச் செல்லலாம். திசை இதுதான்.

கடிகாரம் செய்யும் மாயம்

மலேசிய நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். 1982 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் இது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்ப மலேசியா அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது.

இந்த வித்தியாசத்தால் போகும்போது பயணம் மிகச் சிறியதாகத் தெரிகிறது. இரவு 8 மணிக்கு இங்கே கிளம்பும் விமானம் அங்கே 9.30க்கு இறங்கும். சீட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. அங்கே இரவு 10.30க்கு ஏறினால் இங்கே விடியற்காலை 5 மணி ஆகிவிடும். ஆறரை மணி நேரம் போனது போல இருக்கும். இரண்டு பயணமும் நான்கு மணி நேரம்தான். காலையில் இறங்கி நேரே வேலைக்குப் போய்விடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் ஒரு முழு இரவுத் தூக்கத்தை இழந்துதான் போகிறார்கள்.

ஒரு வாரமாக இருந்த தூரம்

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தூரம் மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் பல்லாண்டு ஓடியது. அதற்குப் பின் வந்தது 'எம்.வி. சிதம்பரம்'. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று திருச்சிக்கு விமானம் ஏறுகிறார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் பலியானதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

அந்தக் காலத்தில் தந்தி வந்தாலும், கடிதம் வந்தாலும், சாவுக்குப் போய்ச் சேர முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இங்கேயே தலைமுழுகி, இங்கேயே படத்துக்கு மாலை போட்டார்கள். இன்று நிலைமை வேறு. "முகத்தைப் பார்த்துவிடலாம்" என்ற நம்பிக்கையை நான்கு மணி நேரம் என்ற கணக்கு கொடுத்துவிட்டது. நம்பிக்கை வந்த பிறகு போய்ச் சேர முடியாமல் போவதுதான் அதிகம் வலிக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது முக்கியமாகிறது.

சென்னையா, திருச்சியா?

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நேர்வழித் தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர். திருச்சி அதைவிட ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான் அதிகம். வானத்தில் அது ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் தரையில் சென்னை விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 320 கிலோமீட்டர் இருக்கிறது. காரில் ஐந்தரை மணி நேரம், பேருந்தில் அதற்கும் மேல்.

மலாயாவுக்கு வந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, மதுரை, இராமநாதபுரம் போன்ற அன்றைய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சென்னை நகரம் அவர்களுக்குக் கப்பல் ஏறும் இடமாகத்தான் இருந்தது. ஆகவே எந்த விமான நிலையம் அருகில் என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர், தஞ்சாவூர் 60க்குள், காரைக்குடி சுமார் 90, மதுரை சுமார் 130, சேலம் சுமார் 140. இந்தப் பகுதிகளுக்குப் போகிறவர் நூறு ரிங்கிட் குறைகிறதே என்று சென்னைக்குச் சீட்டு எடுத்தால், மிச்சம் பிடித்த பணம் வாடகைக் காருக்குப் போய்விடும். அதோடு அரை நாளும் போய்விடும்.

அதேபோல வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் போகிறவர்களுக்குச் சென்னைதான் சரி. சென்னையில் இறங்கிப் பேருந்தில் தெற்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்மாவட்டங்களுக்கான பேருந்துகள் முன்பு கோயம்பேட்டிலிருந்து கிளம்பின. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு அவை அங்கே மாறிவிட்டன. அது விமான நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது. பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்கு டாக்சி பிடித்தால், ஊர் இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் போனது போலாகும்.

திருச்சியின் முக்கியத்துவம் மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பிறகுதான் பெருகியது. ஏர் ஆசியா 2008 டிசம்பரில் கோலாலம்பூர் – திருச்சி சேவையைத் தொடங்கியது. அதற்குப் பின் கிராமத்து உறவு சாதாரணக் குடும்பங்களுக்குக் கைக்கு எட்டியது. திருச்சியில் புதிய முனையக் கட்டடம் 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநுழைவு வரிசைக்கு இடம் கூடியிருக்கிறது. ஆனால் ஓடுபாதை நீளம் சுமார் 2,480 மீட்டர்தான். பெரிய விமானங்கள் முழுச் சுமையுடன் வந்து போக அது போதாது. ஒரு விமானத்தில் 180 பேர் அளவுக்குத்தான் ஏற முடிகிறது என்பதால், பண்டிகைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்து, கட்டணமும் ஏறுகிறது.

இந்தப் பக்கத்துத் தூரம்

அந்தப் பக்கம் ஊர் எங்கே என்பது எவ்வளவு முக்கியமோ, இந்தப் பக்கம் வீடு எங்கே என்பதும் அவ்வளவு முக்கியம். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் இருப்பவர்களுக்குச் சிப்பாங் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். ஆனால் மலேசியத் தமிழர்கள் எல்லாரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை. சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், பாரிட் புந்தார், தைப்பிங், சுங்கை சிப்புட் என்று வடக்கில் பெருந்தொகையாக இருக்கிறார்கள்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து சிப்பாங் 400 கிலோமீட்டருக்கு மேல். வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டாலும் ஐந்து மணி நேரம் ஆகும். அதே வீட்டிலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத் தூரம். பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர்வழித் தூரம் சுமார் 2,370 கிலோமீட்டர். சிப்பாங்கிலிருந்து போவதைவிட சுமார் 260 கிலோமீட்டர் குறைவு. அதாவது வடக்கில் இருப்பவர் இந்தியாவுக்குப் போவதற்காக முதலில் ஐந்து மணி நேரம் தெற்கே போய், இந்தியாவிலிருந்து இன்னும் தள்ளிப் போன பிறகு விமானம் ஏறுகிறார்.

இதனால்தான் பினாங்கு – சென்னை நேரடிச் சேவை வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலம் எழுப்பப்பட்டது. இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பர் 21ஆம் தேதி அந்தச் சேவையைத் தொடங்கியது. வடக்குத் தமிழர்களுக்கு அது பெரிய செய்தி. ஆனால் அதன் பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை என்பதை வீட்டுக்கு வீடு கணக்கு காட்டுகிறது.

தெற்கே ஜொகூரில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்களில் பலர் பாலம் தாண்டி சாங்கி விமான நிலையத்துக்குப் போகிறார்கள். சிங்கப்பூர் – திருச்சி சுமார் 2,980 கிலோமீட்டர். வானத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம் கூடுதல். ஆனால் சிப்பாங்குக்கு மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டுவது மிச்சம். எல்லையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

வீட்டிலிருந்து வீடு வரை

சுங்கைப்பட்டாணி வீட்டிலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்குச் சிப்பாங் – திருச்சி வழியாகப் போனால்: சாலையில் 5 மணி நேரம், விமான நிலையத்தில் முன்கூட்டியே 3 மணி நேரம், விமானத்தில் 4 மணி நேரம், குடிநுழைவும் பெட்டியும் முடிய 1 மணி நேரம், திருச்சியிலிருந்து கிராமத்துக்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் பதினைந்தரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம் சேர்த்தால் பதினாறு.

அதே குடும்பம் பினாங்கு – சென்னை நேரடி விமானத்தில் போனால்: சாலையில் ஒன்றரை, விமான நிலையத்தில் 3, விமானத்தில் மூன்றரை, இறங்கிய பின் 1, சென்னையிலிருந்து பட்டுக்கோட்டைக்கு 7 மணி நேரம். மொத்தம் 16. இந்தப் பக்கம் மிச்சமான நேரம் முழுவதும் அந்தப் பக்கம் சாலையில் போய்விடுகிறது.

ஊர் விழுப்புரம் பக்கம் என்றால் கணக்கு மாறுகிறது. சிப்பாங் – சென்னை வழியாகப் போனால் 16 மணி நேரம். பினாங்கு – சென்னை வழியாகப் போனால் 12 மணி நேரம். நான்கு மணி நேரம் முழுதாக மிச்சம். ஒரு முழு விமானப் பயணத்தின் நேரம் இது.

இன்னொன்றையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. பினாங்கிலிருந்து திருச்சிக்கு நேர்வழித் தூரம் சுமார் 2,450 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் நேரடிச் சேவை இருக்குமானால் சுங்கைப்பட்டாணி – பட்டுக்கோட்டை பயணம் பதினொன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும். அந்த நான்கு மணி நேரத்தை எந்த வேகமான விமானமும் மிச்சம் பிடித்துத் தர முடியாது. விமானம் எங்கிருந்து கிளம்பி எங்கே இறங்குகிறது என்பதுதான் மிச்சம் பிடித்துத் தரும்.

இப்படிப்பட்ட சேவைகள் நிறுவனத்தின் விருப்பத்தால் மட்டும் வருவதில்லை. ஒரு நாட்டின் நிறுவனங்கள் மற்ற நாட்டுக்கு எத்தனை இருக்கைகள் ஓட்டலாம் என்பதை இரு அரசாங்கங்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் நிர்ணயிக்கிறது. ஆகவே கோரிக்கையை நிறுவனத்திடம் மட்டும் வைப்பது பாதி வேலை. போக்குவரத்து அமைச்சிடமும் மாநில அரசாங்கங்களிடமும் வைக்க வேண்டும். "எங்கள் பகுதியில் தமிழர்கள் அதிகம்" என்று சொல்வதைவிட, இந்த மாவட்டத்துக்குப் போகிறவர்கள் இத்தனை பேர், அவர்களுக்கு இத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று காட்டுவது வலுவான கோரிக்கை. கோயில் நிர்வாகங்களும் பயண முகவர்களும் அந்தத் தகவலைத் திரட்டிக் கொடுக்க முடியும்.

தாள் வேலைதான் நீண்ட தூரம்

பதினாறு மணி நேரம் என்பதும் கையில் எல்லா ஆவணமும் தயாராக இருப்பவருக்குத்தான். அவசரப் பயணத்தில் நிறையப் பேர் சிக்குவது சாலையிலும் அல்ல, வானத்திலும் அல்ல. விசாவில்தான்.

இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வர முடிகிறது. மலேசியக் குடிமக்கள் இந்தியாவுக்குப் போக விசா வேண்டும். இணையவழிச் சுற்றுலா விசாவுக்கு, போய் இறங்கும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. சில நேரங்களில் அதற்கு முன்பே கிடைத்துவிடும். ஆனால் அதை நம்பி ஐஸ் பெட்டியை வைத்திருக்கச் சொல்ல முடியாது. நான்கு மணி நேர விமானத்துக்கு முன்னால் நான்கு நாள் காத்திருப்பு. அவசரமென்றால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தை நேரில் அணுகுவதுதான் வழி.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. 30 நாள் விசாவை முன்னதாக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. ஓராண்டு, ஐந்தாண்டு விசா வகைகள் இருக்கின்றன. ஊரில் வயதான உறவினர் இருப்பவர்கள், தகுதி இருந்தால் அந்த வகையை எடுத்து வைப்பது நல்லது. ஓசிஐ எனப்படும் வெளிநாடு வாழ் இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு விசாவே தேவையில்லை. அது குடியுரிமை அன்று, ஆயுள்கால நுழைவு அனுமதிதான். ஆனால் அதற்கு முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததற்கான ஆவணம் காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் தீயிலும் வெள்ளத்திலும் இடமாற்றத்திலும் பழைய தாள்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு அதுவே பெரும் தடை. தாத்தாவின் பழைய கடப்பிதழோ, பிறப்புப் பத்திரமோ வீட்டில் எங்காவது இருந்தால் அதைப் பத்திரப்படுத்தி வைப்பது பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி.

கடப்பிதழ் காலாவதி ஆகாமல் இருப்பது இன்னொரு விஷயம். இந்தியாவுக்குள் நுழையும்போது கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி இருக்க வேண்டும். மலேசியக் கடப்பிதழ் ஐந்து ஆண்டுகளுக்கு 200 ரிங்கிட், 60 வயது கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட். சாவுச் செய்தி வந்த இரவில் கடப்பிதழைத் திறந்து பார்த்து, நாலு மாதம்தான் மிச்சம் என்று தெரிந்துகொள்வதைவிட இந்த வாரமே பார்த்துவிடலாம்.

மலேசியாவில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்களுக்கு இந்திய விசா தேவையில்லை. ஆனால் முதலாளி விடுப்பு தர வேண்டும், கடப்பிதழ் கையில் இருக்க வேண்டும். பிறருடைய கடப்பிதழைச் சட்டபூர்வ அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். உணவகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை செய்யும் ஒருவருக்குத் தகப்பன் இறந்த செய்தி வரும்போது, திருச்சி எவ்வளவு தூரம் என்பதை முதலாளியின் மேசை இழுப்பறைதான் தீர்மானிக்கிறது என்றால், அது விமான நிறுவனங்கள் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல.

விமானம் தாமதமானால்

நேரத்துக்குக் கிளம்பும் என்று நம்பித்தான் எல்லாக் கணக்கும். தாமதமானால் பயணிக்கு என்ன உரிமை என்பதை மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 சொல்கிறது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நிறுவனம் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால், இரவு தங்க வேண்டிய நிலையில் தங்குமிடமும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணி வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். இந்தப் புகார்களை முன்பு கவனித்து வந்த விமானப் போக்குவரத்து ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. புகார்களை இனி அங்கேதான் கொண்டுபோக வேண்டும்.

சாவுக்குப் போகிறவருக்குப் பணம் திரும்பி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. அந்தப் பணத்தில்தான் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்காவது போக முடியும்.

சிறிய விஷயமொன்றும் நேரத்தைத் தின்கிறது. சிப்பாங்கில் இரண்டு முனையங்கள் உள்ளன. ஏர் ஆசியா இரண்டாம் முனையத்திலிருந்தும், பாத்திக் ஏர் முதல் முனையத்திலிருந்தும் கிளம்புகின்றன. பதற்றத்தில் தவறான முனையத்தில் இறங்கிவிட்டால், மாறிப் போய்ச் சேர அரை மணி நேரமாவது ஆகும். அனைத்துலகப் பயணத்துக்கான முகப்புகள் வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்பட்டுவிடும். ஐந்து மணி நேரம் சாலையில் வந்தவர் கடைசி அரை மணி நேரத்தில் விமானத்தை விடுவது இப்படித்தான்.

ஊரில் என்ன சொல்வது

ஊரிலிருந்து "எப்ப வருவீங்க" என்று கேட்கும்போது, "நாலு மணி நேரம்தான்" என்ற பதில் அன்பினால் வருகிறது. ஆனால் அந்தப் பதிலை நம்பி அங்கே ஒரு வீடே காத்திருக்கிறது. வெயிலில் பந்தல் போட்டு, உறவினரை நிறுத்தி வைத்து, அடக்கத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். சரியான பதில் வேறு. விசா கையில் இருக்கிறதா, விமானத்தில் இடம் இருக்கிறதா, எந்த விமான நிலையம், வீட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் அங்கிருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. "வர முடியும், நாளை மறுநாள் காலைக்குள்" என்றோ, "முடியாது, நீங்கள் எடுத்துவிடுங்கள், காரியத்துக்கு வருகிறோம்" என்றோ முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டால், அவர்கள் அதற்கேற்ப முடிவெடுப்பார்கள்.

கப்பல் காலத்தில் ஒரு வாரமாக இருந்த தூரம் பதினாறு மணி நேரமாகக் குறைந்திருக்கிறது. அதை இன்னும் பன்னிரண்டாகக் குறைக்க வழி இருக்கிறது. அதில் ஒரு பாதி அரசாங்கங்களும் நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை: மக்கள் இருக்கும் இடத்துக்கு அருகிலிருந்து, அவர்கள் போகும் ஊருக்கு அருகில் இறங்கும் விமானம். மறுபாதி ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது: அலமாரியில் செல்லுபடியாகும் கடப்பிதழ், அதோடு தகுந்த விசா, ஊருக்கு எந்த விமான நிலையம் அருகில் என்று எழுதி வைத்த ஒரு தாள். தொலைபேசி எந்த இரவு ஒலிக்கும் என்று யாருக்கும் தெரியாது.